கோடைத் தோட்டத்துக்கு அரை நாள் ஒதுக்குங்க

எல்லாருக்கும் வணக்கம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போறவங்க நேரா ஹெர்மிட்டேஜ் மியூசியத்துக்குத்தான் ஓடுறாங்க, ஓடட்டும், ஆனா அங்கிருந்து நேவா நதிக்கரையோரமா நடந்து போனா லெட்னி சாத், அதாவது கோடைத் தோட்டம் வரும், அதுக்கும் அரை நாள் ஒதுக்குங்கன்னு கேட்டுக்கத்தான் நான் இங்க நிக்கிறேன். டிக்கெட் கிடையாது. ஏப்ரல் மாசம் மட்டும் போயிடாதீங்க, பனி உருகி ஈரமா கிடக்கிற மண்ணு காயட்டும்னு மூடி வச்சிருப்பாங்க.

1704ல ஜார் பீட்டர் தனக்குன்னு போட ஆரம்பிச்ச தோட்டம் இது. இத்தாலியில இருந்து பளிங்கு சிலை வரவழைச்சாரு, ஃபவுண்டன் வச்சாரு. 1777ல வந்த வெள்ளத்துல ஃபவுண்டன் எல்லாம் போச்சு, அப்புறம் ரொம்ப காலத்துக்கு யாரும் அதைத் திரும்பக் கட்டல. ராஜா வீட்டுத் தோட்டம், முதல்ல நல்லா டிரஸ் பண்ணவங்களுக்கு மட்டும் திறந்து, இன்னைக்கு லிண்டன் மர நிழல்ல பாட்டிங்க பேரப்பிள்ளைங்களோட உக்காந்திருக்காங்க பாருங்க, எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சதே அதுதான். குழந்தைங்க கூட்டம் எப்பவும் கிரிலோவ் சிலைகிட்டதான், நீதிக்கதை எழுதினவரு, 1855ல வச்ச சிலை, பீடத்தைச் சுத்தி அவர் கதையில வர்ற மிருகங்க எல்லாம் இருக்கு.

1941ல ஜெர்மன் படை ஊரை நெருங்கினப்போ இந்தப் பளிங்கு சிலைங்களை வேற எங்கயும் கொண்டு போகல, அதே தோட்டத்து மண்ணுலயே குழி தோண்டிப் புதைச்சாங்க, மேல குண்டு விழுந்துட்டு இருந்த அத்தனை நாளும் அதுங்க கீழ பத்திரமா இருந்துச்சு, முற்றுகை முடிஞ்சு தோண்டி எடுத்து பழைய இடத்துலயே நிறுத்தினாங்க. அந்த ஊர் ஜனங்க மேல எனக்கு இருக்கிற மரியாதைக்கு இந்த ஒரு காரியமே போதும்.

இப்போ நீங்க பாக்கிறது நகல். 2009ல இருந்து 2012 வரைக்கும் நடந்த புதுப்பிப்புல அசலை எல்லாம் எடுத்துட்டாங்க, ஃபவுண்டனையும் புதுசா கட்டினாங்க. பழைய தோட்டத்தோட அழகே போயிடுச்சுன்னு ஊர்க்காரங்க நிறைய பேரு வருத்தப்பட்டாங்க, அந்த வருத்தம் நியாயம்தான். ஆனா சிலை விஷயத்துல செஞ்சது சரின்னுதான் நான் சொல்வேன், ஏன்னா பளிங்குல இருக்கிற சின்ன விரிசலுக்குள்ள தண்ணி இறங்கி உறைஞ்சா அது விரிஞ்சு கல்லையே பிளந்துடும், குளிர்காலத்துல மரப்பெட்டி போட்டு மூடியும் முழுசா காப்பாத்த முடியல.

அசல் சிலைங்க மிகைலோவ்ஸ்கி கோட்டைக்குள்ள இருக்கு, தோட்டத்தோட தெற்கு வாசல்ல இறங்கி மொய்க்கா ஆத்தைத் தாண்டினா வந்துடும், கால் வலிச்சாலும் அதையும் பாத்துட்டே வாங்க.