தொழிற்சாலை வாடை வீசும் இரவில் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது: ஒரு தாயின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கடலூர் முதுநகருக்குத் தெற்கே தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு 6 வயது. தொழிற்சாலைகளின் கெட்ட வாடை வீசும் இரவுகளில் இருமி இருமி எழுந்து உட்கார்ந்துகொள்கிறான், நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வருகிறது. மருத்துவர் பம்ப் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் இன்ஹேலர்) எழுதிக் கொடுத்தார். பழகிவிடும், வேண்டாம் என்கிறார் மாமியார். விளையாட அனுப்பவும் பயமாக இருக்கிறது. ஊரை விட்டே போய்விடலாமா?"

சகோதரி, உங்கள் பயம் வெறும் மனப்பிரமை அல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாடு முழுவதும் 43 தொழிற்பகுதிகளை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் கடலூரும் இருந்தது. ஒரே காற்றைத்தான் நீங்களும் உங்கள் மகனும் சுவாசிக்கிறீர்கள் என்றாலும், அவனுடைய மூச்சு உங்களுடையதைவிட வேகமானது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அவன் உள்ளிழுக்கும் காற்றும் அதிகம். மூச்சுக்குழாயோ குறுகலானது. பெரியவர்களுக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாக முடிந்துவிடும் வீக்கம், அந்தச் சிறிய குழாயில் பாதி வழியை அடைத்துவிடும். அந்த விசில் சத்தம், நெருக்கப்பட்ட வழியில் காற்று வெளியேறப் படும் பாடு.

ஆனால் வாடையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடை மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். அளவு மிகவும் கூடினாலோ மூக்கு மரத்துப்போய், வாடையே இல்லாதது போலத் தோன்றும். நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்களுக்குத் தனியாக ஒரு மணமும் கிடையாது. கந்தக டைஆக்சைடு, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

இரவில் ஏன் அதிகம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பகலில் கடற்காற்று வீசிப் புகையைக் கலைத்துவிடுகிறது; இரவில் தரை குளிர்ந்து காற்று அடங்குவதால், வெளியேறியது மேலே எழாமல் வீடுகளின் மட்டத்திலேயே தங்குகிறது, மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வரை கூட. மற்றொரு காரணத்துக்கும் தொழிற்சாலைக்கும் தொடர்பில்லை: ஆஸ்துமாவே இயல்பாகப் பின்னிரவில்தான் கூடும். இந்த இரண்டையும் பிரித்தறிய, 40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், எந்த வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை முறை இருமி எழுந்தான், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுங்கள். வாடை இல்லாத நாளையும் விடாமல் எழுதுங்கள், ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தேவை. இது உங்கள் பகுதிக்குப் புதிதும் அல்ல: 2004-ஆம் ஆண்டிலேயே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் வாளியைக் கொண்டு காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கும்போதும், "எப்போதும் நாறுகிறது" என்பதைவிட நாளும் மணியும் குறித்த தாளுக்கு எடை அதிகம்.

இனி பம்ப். இதைக் குறித்து நான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் மருந்து இல்லாமல் அல்ல, மருந்துக்குப் பயந்து அவதிப்படுகிறார்கள். பம்ப் பழக்கமாகாது. டானிக்கும் மாத்திரையும் வயிற்றுக்குப் போய் உடல் முழுவதும் சுற்றுகின்றன. பம்ப் மருந்தோ மிகச் சிறிய அளவில், வேண்டிய இடத்துக்கே போய்ச் சேருகிறது. ஆனால் 6 வயதுப் பிள்ளைக்கு அதை நேரடியாக வாயில் வைத்து அழுத்தினால் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் அவசியம். வாங்க முடியாவிட்டால், இதோ, என் கையில் இருப்பது 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில். அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறேன், பாட்டிலின் வாயைப் பிள்ளை உதடுகளால் கவ்விக்கொள்ள வேண்டும். குலுக்கி, ஒருமுறை அழுத்தி, அதன் வழியாகவே நிதானமாக ஐந்தாறு முறை மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு பம்ப் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அதை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

வாடைக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவத்தி ஏற்றும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். கொசுவலை போதும்.

ஊரை விட்டுப் போவதைப் பற்றி: தெற்கு கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளை 10 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து கவனித்ததில், மாசு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி குறைவாக இருந்தது, பிற்காலத்தில் அங்கே காற்று சுத்தமானபோது, அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாகவே வளர்ந்தது. ஆக, காற்று மாறினால் பலன் உண்டு. அதற்காக இன்றே வீட்டை விற்க வேண்டாம். கோடை விடுமுறையில் உறவினர் ஊரில் சில வாரம் வைத்திருந்து, அங்கேயும் நோட்டை எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கோ வாருங்கள். இந்த வயதில் பல பிள்ளைகள் ஊதிக் காட்டும் நுரையீரல் சோதனைக்கு ஒத்துழைப்பார்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனையும் தேவை, அதை அவமானமாக நினைக்காதீர்கள்.

விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நோட்டை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். மற்ற மாலைகளில், வாடை இல்லையென்றால், அவனை விளையாட விடுங்கள். பம்ப் மட்டும் பைக்குள் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று வகுப்பு ஆசிரியைக்கும் தெரிந்திருக்கட்டும்.