கோழி வறுத்த கர்னல்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஆற்றிய உரை

அவைத் தலைவர் அவர்களே, மாலை வியாபாரத்தை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

கே.எஃப்.சி. என்ற வறுத்த கோழிக் கடையின் பெயர்ப் பலகையில் சிரிக்கும் வெண்தாடிக்காரரைப் பற்றி உங்கள் கைப்பேசிக்கு ஒரு கதை வந்திருக்கும். 65 வயதுவரை தோல்வியே கண்டவர், ஆயிரம் கடைகளில் விரட்டப்பட்டு, பிறகு கோடீசுவரர் ஆனார் என்பது அந்தக் கதை. ஆயிரம் கடைக் கணக்குக்கு நம்பத்தக்க சான்று இல்லை. அதைவிடப் பெரிய பிழை, அவர் 65 வயதில்தான் தொழிலைத் தொடங்கினார் என்பது.

அந்தத் தாடிக்காரரான ஹார்லாண்ட் சாண்டர்ஸ் 1890ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹென்றிவில் என்ற ஊருக்கருகே ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். ஐந்து வயது நிறைவதற்குள் தந்தை இறந்துவிட, தாய் தக்காளி பதப்படுத்தும் ஆலைக்கு வேலைக்குப் போனார். தம்பி, தங்கைக்குப் பொங்கிப் போடும் பொறுப்பு இந்தச் சிறுவன் தலையில் விழுந்தது. ஏழு வயதிலேயே ரொட்டி சுடவும் காய்கறி சமைக்கவும் கைப்பழக்கம் வந்துவிட்டது. பத்து வயதில் பக்கத்துப் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தார். அதற்குப் பின் அவர் பார்த்த வேலைகள், ரயில் எஞ்சினில் கரி தள்ளியது முதல் டயர் விற்றது வரை, ஒரு பட்டியலில் அடங்காது, விட்டுவிடுகிறேன்.

1930இல் கென்டக்கி மாநிலத்தின் கார்பினில் ஒரு பெட்ரோல் பங்க்கை ஏற்று நடத்தத் தொடங்கிய அவர், வண்டியை நிறுத்தியவர்களுக்குத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உணவு பரிமாறினார். அது வளர்ந்து பெரிய உணவகமாயிற்று. 1935இல் மாநில ஆளுநர் அவருக்குக் 'கர்னல்' என்ற கௌரவப் பட்டத்தை வழங்கினார். ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. இரும்புச் சட்டியில் கோழியைப் பக்குவமாக வறுத்தெடுக்க அரைமணி நேரம் பிடித்தது. முன்கூட்டியே வறுத்து வைத்தால் மிஞ்சியது வீண். கேட்டபின் வறுத்தால் வழிப்போக்கர் காத்திருக்க மாட்டார். காசிமேட்டில் மீன் வறுத்து விற்கும் அக்காமார்களுக்கு இந்தத் தர்மசங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. 1939இல் சந்தைக்கு வந்திருந்த பிரஷர் குக்கரை வாங்கி, அதில் எண்ணெயை ஊற்றி, அழுத்தத்தில் கோழியை வறுத்துப் பார்த்தார். பத்து நிமிடத்துக்குள் வெந்தது, உள்ளே ஈரப்பசையும் போகவில்லை. (வீட்டுக் குக்கரில் யாரும் முயல வேண்டாம்; கொதிக்கும் எண்ணெயோடு மூடி தெறித்தால் உயிருக்கே ஆபத்து.) அவர் கோழியில் சேர்த்த பதினொரு மசாலாவின் இரகசியத்தையே எல்லோரும் பேசுகிறார்கள், என் கணிப்பில், கடையைக் காப்பாற்றியது அந்தக் குக்கர்தான்.

1952இல் சால்ட் லேக் சிட்டியில் உணவகம் நடத்திய பீட் ஹார்மன், அவருடைய செய்முறையை முதன்முதலாக உரிமம் பெற்று விற்றார். அப்போது சாண்டர்ஸுக்கு 62 வயது. சொந்தக் கடையும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு புதிய நெடுஞ்சாலை கார்பினை ஒதுக்கிவிட்டுப் போகப்போகிறது என்ற நிலை வந்தது. இங்கே டி.எச். ரோட்டில் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரத் தடுப்பு நின்ற ஆண்டுகளில் கல்லாவில் என்ன விழுந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1956இல் உணவகத்தை ஏலத்தில் விற்ற பணம் கடனுக்கே சரியாகப் போயிற்று. மாதம் 105 டாலர் அரசு ஓய்வூதியம் மட்டும் மிஞ்சியது. குக்கரையும் மசாலாவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, உணவகக்காரர்களுக்கு வறுத்துக் காட்டி, விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் சில சென்ட் தரவேண்டும் என்று பேசி முடித்தார்; பல இரவுகள் காரிலேயே உறங்கினார். மனைவி கிளாடியா வீட்டிலிருந்து மசாலாப் பொட்டலங்களை அனுப்பிவைத்தார். கடை போடும் முதலீடு மற்றவர்களுடையது, செய்முறை இவருடையது என்பதால்தான், கையில் காசில்லாத முதியவரால் 1964க்குள் 600க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவ முடிந்தது.

அந்த ஆண்டே நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, சம்பளம் பெறும் விளம்பர முகமாக இருந்தார். முகம் அவருடையது, அடுப்பு அவருடையதன்று. செலவைக் குறைக்கப் புதிய முதலாளிகள் கிரேவியை மாற்றியபோது, அது சுவரில் காகிதம் ஒட்டும் பசை போலிருக்கிறது என்று பத்திரிகைக்காரரிடமே சொன்னார். கே.எஃப்.சி. உரிமம் பெற்ற கடை ஒன்று அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 1978இல் கென்டக்கி உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு நிற்கவில்லை. 1980இல் இறக்கும்வரை கிரேவியைத் திட்டுவதையும் அவர் நிறுத்தவில்லை.