படம் ஏன் கலங்குகிறது? புது கேமரா வாங்கும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் மிக்ஸி சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், அம்மா சட்னி அரைக்கிறார்கள்.

"அண்ணா, படம் ஷார்ப்பா வரமாட்டேங்குது, ஃபுல் ஃபிரேமுக்கு மாறிடலாமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஃபுல் ஃபிரேம் என்றால் படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் கேமரா. அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி அதன் விவரத்தைத் திறந்தால், அநேகமாக மண்டபத்துக்குள் எடுத்ததாக இருக்கும், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ், ஷட்டர் 1/30, அதாவது நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. இரண்டு லட்ச ரூபாய் கேமராவிலும் 1/30-இல் ஓடுகிற குழந்தை கலங்கலாகத்தான் வரும்.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண், ஏற்றினால் ஷட்டரை வேகமாக வைக்கலாம், ஆனால் படத்தில் புள்ளி விழும். "ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும்" என்று எங்கோ கேட்டதை வேதமாக நம்பி, பெரியப்பா பேத்தியின் காதுகுத்து முழுவதையும் 800-லேயே எடுத்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டுத் திரும்பிய அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதில் மாமன் வேட்டியின் ஜரிகை வரை தெளிவாக இருக்கிறது, குழந்தைக்கு மட்டும் முகம் இல்லை. புள்ளி புள்ளியாக வந்திருந்தால் மென்பொருளில் ஓரளவு துடைத்திருக்கலாம், கலங்கின முகத்தை எங்கே போய்த் தேடுவது?

அதனால் இன்றைக்கே மெனுவைத் திறந்து ஆட்டோ ஐஎஸ்ஓ பகுதிக்குப் போங்கள், இதில் ஐஎஸ்ஓவைக் கேமராவே தேர்ந்தெடுக்கும். பல கேமராக்களில் அங்கேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கும், ஆட்கள் நடமாடுகிற இடமென்றால் அதை 1/250 என்று வையுங்கள். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறும், ஏறட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/250-இல் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும், சிலதில் குறுக்கே பட்டை விழுந்தும் வந்தால் கேமரா பழுது என்று பயப்படாதீர்கள், மினுக்கலுக்கு ஏற்ற நேரம் பார்த்துப் படமெடுக்கும் ஆன்ட்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் 1/100-க்கு இறங்குங்கள்.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் லென்ஸில் செய்யுங்கள். 18-55 கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், அதாவது 1/25 கிடைத்த இடத்தில் 1/250. எம்எம் எண் கூடக் கூட லென்ஸ் பார்க்கும் காட்சி குறுகும். எல்லோரும் 50 எம்எம் வாங்கு என்பார்கள், விலை குறைவுதான், ஆனால் சின்ன சென்சார் கேமராவில் அது 75, 80 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும், பத்துக்குப் பத்து அறையில் பின்னால் போய்ப் போய்ச் சுவரில்தான் இடிப்பீர்கள். வீட்டுக்குள் எடுப்பவருக்கு 35 எம்எம்தான் சரி. ஆனால் கிட்டே நின்று 1.8-இல் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் போகும், இரண்டு பேர் நின்றால் 2.8, 4 என்று மூடிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்குக் காசே வேண்டாம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்ட வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் என்னுடைய இந்த லென்ஸ். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதா? பூஞ்சை. சென்னை ஈரத்தில் மழைக்காலம் முழுக்கத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தேன், என் தப்புதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போடலாம். இந்த லென்ஸை மட்டும் அந்த டப்பாவில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறேன், மற்றதற்கும் தொற்றிவிடுமோ என்று பயம்.