பாலத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

நேயர்களுக்கு வணக்கம். நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றில் போகும்போது வண்டி 'தடக், தடக்' என்று துள்ளுகிற இடம் இருக்கிறதல்லவா? அதுதான் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காக விட்ட இடைவெளி. அதிலுள்ள ரப்பர் பட்டை கிழிந்தால் வண்டி ஓட்டுபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி உத்தரத்தின் முனை, உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் தாங்கியான பேரிங், தூணின் தலை என்று வரிசையாக நனைத்துக்கொண்டே இருக்கும். வயதான பாலத்துக்கு அடியில் நின்றால் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி லேசில் துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மை அதைக் காக்கிறது. உப்புத்தண்ணீர் ஊறினாலோ, காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் புகுந்து காரத்தைக் குறைத்தாலோ அந்தக் காப்பு போய்விடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன, சுத்தியலை மட்டும் நாங்கள் இன்னும் விடவில்லை.

சரி, பெயர்ந்த இடத்தைப் பூசிவிட்டால் போதுமா? உப்பேறிய பாலத்தில் ஓரிடத்தை மட்டும் புதிதாகப் பூசினால், அதைச் சுற்றியுள்ள பழைய கம்பி முன்பைவிட வேகமாக அரிக்கத் தொடங்கலாம். அதனால் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, பூச்சின் ஓரங்களில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டிப் பதிப்பதுண்டு. கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். இதையெல்லாம் செய்துவிட்டு ஜாயின்ட்டை ஒழுகவிட்டால் காசு வீண். பேரிங் போயிருந்தால், ஜாக்கிகளை வைத்து உத்தரங்களைச் சில மில்லிமீட்டர் ஒரே சீராகத் தூக்கி மாற்றலாம்.

கண்ணுக்குத் தெரியாத இரும்புதான் எனக்குப் பயம். இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967-இல் திறந்த மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். கோபுரங்களிலிருந்து அதைத் தாங்கிய இரும்பு வடங்களைக் கான்கிரீட்டால் மூடியிருந்தார்கள். உள்ளே அரித்திருப்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. 1990-களில் ஒரு கோபுரத்துக்கு வெளிப்புறமாகப் புது வடங்கள் போட்டு வலுவூட்டினார்கள். இடிந்தது, அப்படிச் செய்யாத இன்னொரு கோபுரம்.

அப்புறம் தார். ரோட்டைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போவது கெட்ட பழக்கம். 10 சென்டிமீட்டர் கூடுதல் தார் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 200 கிலோவுக்கு மேல் சுமை, வண்டிகள் எதுவும் இல்லாத நேரத்திலும். வலுவூட்ட கார்பன் நார்ப் பட்டை ஒட்டலாமா என்று கேட்டு வருபவர்களிடம், முதலில் அந்தத் தாரைச் சுரண்டி எடுங்கள், மழைநீர்க் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பட்டையைப் பற்றிப் பேசலாம் என்பேன். நன்றி, வணக்கம்.