அரீத்தா பிராங்க்ளின்: பியானோவின் முன் அமர்ந்த குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த அமெரிக்க ஸோல் இசையின் அரசி என்று போற்றப்பட்ட அரீத்தா பிராங்க்ளின் 2018 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட் நகரில் காலமானபோது, இரங்கல் தெரிவித்தவர்கள் எல்லோரும் அவருடைய குரலைப் பற்றியே பேசினார்கள். அது நியாயந்தான். ஆனால் அவருடைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு, அவற்றுள் தலைசிறந்தது எது என்று முடிவு செய்ய முற்படுகிறவர் குரலை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் திண்டாடிப்போவார். சுமாரான ஆல்பத்திலும் அந்தக் குரல் குறை வைப்பதில்லை. ஆகவே, பாடும்போது பியானோவையும் அவரே வாசிக்கிறாரா, வாசிக்கிறார் என்றால் பாட்டை நடத்திச் செல்வது அந்த வாசிப்புதானா என்பதையே நான் முதலில் கவனிக்கிறேன்.

சுரக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாமல், காதால் கேட்டே பியானோ பழகியவர் அவர். தந்தை சி. எல். பிராங்க்ளின் டெட்ராய்டின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர், நாடறிந்த பிரசங்கி. அந்தத் தேவாலயத்தில் பதினான்கு வயதில், 1956ஆம் ஆண்டு, அரீத்தா பாடிய பக்திப் பாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. சபையோரின் பதில் குரல்களுக்கு ஏற்பப் பாட்டை நீட்டுவது, நிறுத்துவது, மறுபடி கிளப்புவது எல்லாம் அந்த வயதிலேயே அவருக்குக் கைவந்திருந்தன.

1960இல் இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் அவரைக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு அழைத்துவந்தார். அங்கே கழிந்த சுமார் ஆறு ஆண்டுகளில் வந்த இசைத்தட்டுகளை நான் விரைவாகவே கடந்துவிடுவேன். 1964இல் பாடகி டைனா வாஷிங்டனின் நினைவாக அவர் பாடிய தொகுப்பு ஒன்று மட்டும் இன்றும் அக்கறையோடு கேட்கத்தக்கது. மற்றவற்றில் பெரும்பாலும் வயலின் கூட்டத்தின் நடுவே, யாரோ எழுதிவைத்த ஏற்பாட்டுக்குள் நின்று, அடக்க ஒடுக்கமாகப் பாடுகிறார்.

பிறகு அவர் சேர்ந்த அட்லாண்டிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் செய்த பெரிய காரியம் அவரைப் பியானோவின் முன் உட்காரவைத்ததுதான். 1967 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் ஊரிலுள்ள ஃபேம் ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’ பாடல் பதிவானது. இரண்டாவது பாடல் அரைகுறையாக இருக்கும்போதே அங்கே ஒரு சச்சரவு மூண்டு வேலை நின்றுபோக, மீதியை நியூயார்க்கில் முடித்தார்கள். அந்தப் பாடலின் பெயரிலேயே வந்த ஆல்பத்தில்தான் ஓட்டிஸ் ரெடிங் 1965இல் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ புதுப் பிறவி எடுத்தது. வீடு திரும்பும் ஆண் கேட்ட மரியாதையை இங்கே பெண் கேட்கிறாள். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதி ரெடிங்கின் பாட்டில் கிடையாது. அது அரீத்தா சேர்த்தது. முதன்முதலாக அவரைக் கேட்கப்போகிறவருக்கு இந்த ஆல்பத்தையே எடுத்துக் கொடுப்பேன்.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘லேடி ஸோல்’ இன்னும் மெருகேறியது. ‘செயின் ஆஃப் ஃபூல்ஸ்’ பாடலின் தொடக்கத்தில் நடுங்கி ஒலிக்கும் கிட்டாரையும், தங்கை கேரொலின் இயற்றிய ‘எய்ன்ட் நோ வே’யில் அரீத்தாவின் குரலுக்கு மேலே சிஸ்ஸி ஹூஸ்டன் எட்டிப்பிடிக்கும் உச்சஸ்தாயியையும் கேட்டவர் மறக்கமாட்டார். அந்த ஆல்பத்தையே முதலிடத்தில் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் அதில் ஒவ்வொரு பாட்டும் வானொலியில் வெற்றிபெற வேண்டும் என்ற கணக்கில் கச்சிதமாகக் கத்தரிக்கப்பட்டிருக்கிறது; சபையோரின் பதிலுக்காகக் காத்திருக்கும் அரீத்தாவுக்கு அங்கே இடம் போதவில்லை.

என் தெரிவு 1970இல் வெளிவந்த ‘ஸ்பிரிட் இன் த டார்க்’. மணவாழ்க்கை முறிந்திருந்த காலம் அது. ஒரு பகுதி மயாமியின் கிரைட்டீரியா கூடத்தில் டிக்ஸி ஃபிளையர்ஸ் என்ற குழுவோடு பதிவானது. விற்பனையில் முந்தைய ஆல்பங்களை அது எட்டவில்லை. ‘தேர்ந்தெடுத்த வெற்றிப் பாடல்கள்’ என்று வெளிவரும் வட்டுகளும் இதிலிருந்து ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் பலர் இதை முழுமையாகக் கேட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இதிலுள்ள ஐந்து பாடல்களின் ஆக்கத்தில் அவருடைய கை இருக்கிறது.

தலைப்புப் பாடலைக் கூர்ந்து கேளுங்கள். விளம்ப காலத்தில், தேவாலய ஆராதனைக்குரிய சுரக்கூட்டுகளைப் பியானோவில் அழுத்தியபடி தொடங்குகிறார். குரலில் அவசரம் இல்லை; சகோதர சகோதரிகளைப் பெயர் சொல்லாமல் அழைக்கிறார். பின்பாட்டுக்காரிகள் ஒவ்வொரு வரிக்கும் விடை கொடுக்கிறார்கள். பிறகு, எதிர்பாராத இடத்தில், பாட்டு துரித காலத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு முதலில் தயாராவது அவருடைய இடக்கைதான். குரல் அதன்பின் சேர்ந்துகொள்கிறது. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒருவராக இல்லாவிட்டால் அந்தத் திருப்பம் அவ்வளவு இயல்பாக வாய்த்திருக்காது என்பது என் துணிபு. வரிகளைப் பார்த்தால் நடனப் பாட்டு. நடையைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை.

பி. பி. கிங் புகழ்பெறச் செய்த ‘த திரில் இஸ் கான்’ பாடலும் இதில் உண்டு. கிங்கின் கிட்டார் பேசிய இடத்தில் அரீத்தாவின் பியானோ பேசுகிறது. பாட்டு முடியும் தறுவாயில், ‘இறுதியில் விடுதலை பெற்றேன்’ என்ற பொருள்படும் பழைய ஆன்மிகப் பாடலின் அடியைப் பின்பாட்டுக்காரிகள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1963இல் வாஷிங்டனில் ஆற்றிய உரையை இந்த அடியோடுதான் முடித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்டில் அவர் தலைமையேற்று நடந்த பேரணிக்கு ஏற்பாடு செய்தவர்களுள் முதன்மையானவர் அரீத்தாவின் தந்தை. காதல் முறிவைச் சொல்லும் பாட்டுக்குள் அந்த அடி நுழையும்போது, தனியொரு பெண்ணின் விடுதலையும் ஒரு சமூகத்தின் விடுதலையும் ஒரே மூச்சில் ஒலிக்கின்றன. விளக்கம் ஏதும் சொல்லாமல் இசையால் மட்டுமே இதைச் சாதித்திருக்கிறார்.

‘அமேசிங் கிரேஸ்’ என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில், சதர்ன் கலிபோர்னியா கம்யூனிட்டி குவயர் பாடகர்களோடு இரண்டு இரவுகளில் பதிவான இரட்டை இசைத்தட்டு அது. அவருடைய குரல் இதைவிட உயர்ந்து ஒலித்த தருணம் வேறில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். தலைப்புப் பாடலின்போது போதகர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து முகத்தை மூடிக்கொண்டு அழுவதை, 2018இல் வெளிவந்த ஆவணப்படத்தில் காணலாம். ஆனால் அங்கே பெரும்பாலான பாடல்களுக்குப் பியானோ வாசிப்பவர் கிளீவ்லாந்து. அரீத்தா நின்று பாடுகிறார். 1956இல் பாடிய ‘நெவர் குரோ ஓல்ட்’ பாட்டுக்கு அவரே பியானோவில் அமரும்போது மட்டும் அந்த மாலை வேறொரு நிலைக்குப் போகிறது. அந்த ஒரு பாட்டில் கிடைக்கும் அரீத்தா, ‘ஸ்பிரிட் இன் த டார்க்’ ஆல்பத்தில் தொடக்கம் முதலே கிடைக்கிறார்.

இந்த ஆல்பம் பிடித்துப்போனால், அடுத்ததாக 1971 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் பதிவான நேரடி நிகழ்ச்சியைத் தேடிக் கேளுங்கள். பார்வையாளராக வந்திருந்த ரே சார்லஸை மேடைக்கு அழைத்துவந்து, இதே ‘ஸ்பிரிட் இன் த டார்க்’ பாடலைப் பாடவும் வாசிக்கவும் வைக்கிறார். கூடத்தில் சில நிமிடங்களில் முடிந்த பாட்டு அங்கே நீண்டு வளர்கிறது. எனினும் முதலில் கேட்கவேண்டியது கூடத்தில் பதிவானதுதான். காலம் மாறும் இடத்தில் அந்த இடக்கை செய்வது அதில்தான் தெளிவாகக் கேட்கிறது. வணக்கம்.