பாதிக்கப்படாதவர் வழக்குப் போடலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கலிபோர்னியாவிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "என் மைத்துனர் பழைய கார்களை உடைத்து விற்கிற யார்டு வைத்திருக்கிறார். அங்கிருந்து ஓடும் மழைத்தண்ணீரில் துத்தநாகம் கலக்கிறது என்று ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அரசு எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது பணம் பறிக்கிற வேலைதானே?"

நம்மூர்க் காயலான் கடைக்காரராக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் '60 நாள் கழித்து வழக்குப் போடுவோம்' என்று சொல்லும் அந்த நோட்டீஸில் உள்ள கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் மைத்துனரே எழுதிக்கொடுத்ததுதான். முந்தைய பேச்சுகளிலும் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்: இந்த வழக்குகளில் முதல் சாட்சி, தொழிற்சாலை தானே கொடுத்த அறிக்கை.

கலிபோர்னியாவில் 2015 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் தொழிற்சாலை மழைநீர் அனுமதியின்படி வருடத்துக்கு நான்கு மழைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். வெளியேறத் தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும். முடிவை மாநில நீர்வள வாரியத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துத்தநாகத்துக்கு எச்சரிக்கை அளவு லிட்டருக்கு 0.26 மில்லிகிராம். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் மழை விழுந்து வடிந்தாலே அந்த அளவைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. தாண்டுவது மட்டுமே குற்றமல்ல, இதை மைத்துனரிடம் சொல்லுங்கள். தாண்டிய பிறகு கூரை போட்டோமா, வடிகட்டி வைத்தோமா, மழைநீர் மாசைத் தடுக்கும் திட்டத்தைத் திருத்தினோமா என்பதுதான் பேச்சு.

சரி, "மழையே பெய்யவில்லை, அதனால் மாதிரி எடுக்கவில்லை" என்று எழுதிவிட்டால்? அங்கேயும் மாட்டிக்கொள்வார்கள். அமைப்புக்காரர்கள் அருகில் இருக்கும் மழைமானியின் பதிவை எடுத்து, மழை பெய்த தேதிகளை வரிசையாக அடுக்கி நோட்டீஸோடு இணைத்து அனுப்புவார்கள்.

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பதற்கு வருவோம். லெய்ட்லா என்ற கம்பெனியின் வழக்கு 2000-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. அது மழைநீர் வழக்கல்ல. தென் கரோலினாவில் ஆற்றில் பாதரசம் விட்ட வழக்கு. அனுமதித்த அளவை 489 முறை மீறியிருந்தார்கள். ஆற்றுக்குக் கேடு நேர்ந்ததற்கு நிரூபணம் இல்லை என்று கீழ்நீதிமன்றமே சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஆற்றுக்கு வந்த கேட்டைப் பார்க்க வேண்டியதில்லை, மனுதாரருக்கு என்ன ஆனது என்று பார்த்தால் போதும் என்றது. மீன் பிடிக்கவும் குளிக்கவும் பயந்து ஒதுங்கினாரா? அதுவே போதும்.

பணம் பறிப்பதா என்றால், மீறல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 60,000 டாலருக்கு மேல் போகக்கூடிய அபராதம் அமைப்புக்குப் போகாது, அரசுக் கருவூலத்துக்குத்தான். வழக்குப் போட்டவர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் பீஸை நீதிமன்றம் எதிர்த்தரப்பிடம் வாங்கித் தரலாம். உங்கள் கோபத்துக்கு நியாயம் இருந்தால் அது இந்த இடத்தில்தான். அந்த பீஸுக்குப் பயந்தே பல சின்னக் கடைகள் சமரசத்துக்கு இறங்கிவிடுகின்றன.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அதே அறிக்கை அரசிடமும் இருந்ததே, அவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? இந்த வழக்குகளுக்கு அடிப்படையான அமெரிக்க சுத்த நீர்ச் சட்டம் 1972-இல் வந்தபோதே, அதிகாரிகள் அசையாமல் இருந்தால் குடிமக்கள் வழக்குப் போடலாம் என்று வழி வைத்தார்கள். அந்த 60 நாளும் கம்பெனிக்கு மட்டுமல்ல, அரசுக்கும் சேர்த்துத்தான். அதற்குள் அரசே முனைந்து வழக்கு நடத்தத் தொடங்கினால் அமைப்பு அதே மீறலுக்கு வழக்குப் போட முடியாது. பழைய மீறல் முழுக்க நின்றுபோய்விட்டாலும் முடியாது, அது உச்ச நீதிமன்றத்தின் 1987 தீர்ப்பு. ஆனால் கோடையில் நோட்டீஸ் வந்தால், நின்றுவிட்டதைக் காட்ட அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டுமே!

மைத்துனர் அந்த வேலை தெரிந்த வக்கீலைப் பார்க்கட்டும். அதற்கு முன்னால், தான் ஏற்றிய அறிக்கைகளை எடுத்து நோட்டீஸோடு வைத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.