கிராட்ஸ் ஆயுதசாலை: ஒரு மாகாணம் தன் படைக்கலங்களை விட்டுக்கொடுக்காத வரலாறு

அவைத் தலைவர் அவர்களே, வரலாற்றில் ஈடுபாடு கொண்டு இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஆஸ்திரியாவின் தென்கிழக்குப் பகுதியில், முர் ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது கிராட்ஸ் நகரம். ஸ்டீரியா மாகாணத்தின் தலைநகரமான அந்நகரின் முதன்மையான கடைவீதி ஹெரென்காஸே. அந்த வீதியில், கடைகளுக்கு நடுவே, அகலம் குறைந்த முகப்புடன் ஒரு பழைய கட்டிடம் நிற்கிறது. அதன் வாயிலின் இருபுறமும் உரோமானியப் போர்க்கடவுள் மார்ஸின் சிலையும், அறிவுக்கும் போர்த்திறனுக்கும் உரிய மினெர்வாவின் சிலையும் இருக்கின்றன. ஜொவான்னி மமோலோ என்னும் சிற்பி வடித்தவை அவை. கவனிக்காதவர்கள் அதை மற்றொரு பழைய மாளிகையாகவே எண்ணிக் கடந்துவிடுவார்கள். உள்ளே ஏறத்தாழ 32,000 படைக்கலங்களும் கவசங்களும் போர்க் கருவிகளும் இருக்கின்றன. கட்டிய காலத்துக் கட்டிடத்திலேயே, அந்தக் காலத்துச் சேமிப்போடு எஞ்சியிருக்கும் ஆயுதசாலைகளில் உலகிலேயே பெரியது இதுதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

இத்தகைய இடத்தைப் பற்றிப் பேசும்போது, எவ்வளவு பழையது, எத்தனை வாள்கள், எத்தனை துப்பாக்கிகள் என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: இந்த ஆயுதங்கள் யாருடையவை? ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் குலப் பேரரசருக்கு உரியவை என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவை பேரரசருக்கு உரியவை அல்ல. ஸ்டீரியா மாகாணத்தின் மடாதிபதிகள், பிரபுக்கள், வீரமரபினர், நகரங்களின் பிரதிநிதிகள் ஆகிய நான்கு பிரிவினரும் அமர்ந்து வரியைத் தீர்மானித்த மாகாணச் சபைக்கு அவை சொந்தமாக இருந்தன. ஆயுதசாலை ஏன் கட்டப்பட்டது, ஏன் இந்த இடத்தில் கட்டப்பட்டது, அதன் பயன் முடிந்த பிறகும் ஏன் கலைக்கப்படவில்லை என்ற மூன்றுக்கும் விடை அந்த உரிமையில்தான் இருக்கிறது.

முதலில், ஆயுதங்கள் தேவைப்பட்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராட்ஸ் பேராலயத்தின் வெளிச்சுவரில் 1485ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று, பெரிதும் சிதைந்த நிலையில், இன்றும் இருக்கிறது. 1480ஆம் ஆண்டில் அந்த நாட்டைத் தாக்கிய மூன்று துன்பங்களை அது காட்டுகிறது: வெட்டுக்கிளிக் கூட்டம், கொள்ளைநோய், துருக்கியப் படையின் சூறையாடல். அப்போது அவை அவ்வப்போது நிகழ்ந்த திடீர்த் தாக்குதல்கள். 1526இல் மொகாச் போர்க்களத்தில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் லூயி மடிந்து, பின்னர் ஹங்கேரியின் பெரும்பகுதி துருக்கியரின் உதுமானியப் பேரரசின் கைக்குப் போனபோது நிலைமை அடியோடு மாறியது. ஸ்டீரியாவுக்கும் உதுமானிய எல்லைக்கும் இடையில் இருந்த பெரிய அரசு இல்லாமல் போயிற்று. 1532இல் சுல்தான் சுலைமானின் படை திரும்பிச் செல்லும் வழியில் கிராட்ஸின் அருகிலேயே கடந்து சென்றது. புறநகர்ப் பகுதிகள் பாழாயின.

இதன் பிறகு எல்லைக் காவல் நிலையான, ஆண்டுதோறும் பணம் கேட்கும் ஏற்பாடாக ஆயிற்று. இன்றைய குரோஷிய நாட்டின் நிலப்பரப்பில் கோட்டைகளும் காவல் நிலைகளும் கொண்ட ஒரு படை எல்லை உருவாக்கப்பட்டது. வராஜ்தினை மையமாகக் கொண்ட அதன் வடபகுதியின் செலவை ஸ்டீரியா மாகாணச் சபை ஏற்றது. கார்லோவாக் கோட்டையைச் சார்ந்த தென்பகுதியை அண்டை மாகாணங்களான கரிந்தியாவும் கார்னியோலாவும் ஏற்றன. பணம் கொடுப்பவர் பேரம் பேசுவார் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. 1578இல் ப்ரூக் என்னும் ஊரில் கூடிய மாகாணச் சபைகள், எல்லைக் காவலுக்கு நிதி தர இசைந்த அதே கூட்டத்தில், தங்கள் சீர்திருத்தக் கிறித்தவ (புராட்டஸ்டண்ட்) வழிபாட்டுக்குச் சலுகை வேண்டும் என்று, அப்போது ஸ்டீரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் இளவரசரான ஆர்ச்டியூக் இரண்டாம் கார்லிடம் அழுத்தம் கொடுத்தன. கத்தோலிக்கரான கார்ல் விருப்பமில்லாமலே வாய்மொழியாக இசைவு தந்தார். எல்லையில் போர் இருந்தவரை அரசருக்குச் சபை தேவைப்பட்டது.

அந்தச் சலுகையின் நிழலில் கிராட்ஸில் சபை நடத்திய பள்ளிக்கு 1594இல் கணித ஆசிரியராக வந்து சேர்ந்தவர்தான் யோகான்னஸ் கெப்லர். கோள்களின் இயக்க விதிகளால் பின்னாளில் புகழ்பெற்ற அவருக்கு, ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணித்துக் கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. 1595ஆம் ஆண்டுக்கு அவர் கணித்த பஞ்சாங்கத்தில் கடுங்குளிரும் உழவர் கலகமும் துருக்கியர் தாக்குதலும் முன்னறிவிக்கப்பட்டிருந்தன. மூன்றுமே நடந்ததால் இளம் ஆசிரியரின் மதிப்பு உயர்ந்தது. துருக்கியர் தாக்குவார்கள் என்று அந்த ஆண்டுகளில் கிராட்ஸில் சொல்வதற்கு விண்மீன்களின் உதவி அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து. எனினும் சலுகை நீடிக்கவில்லை. கார்லின் மகன் பெர்டினாண்ட் 1598இல் சீர்திருத்தச் சபைப் போதகர்களையும் ஆசிரியர்களையும் வெளியேற்றினார். 1600இல் கெப்லரும் நகரை விட்டுப் போக நேர்ந்தது. 1628இல் மதம் மாற மறுத்த பிரபுக்களுக்கும் அதே கதி ஏற்பட்டது. இதற்கிடையே 1619இல் பெர்டினாண்ட் பேரரசராகி, அரசவை வியன்னாவுக்கு இடம்பெயர்ந்ததால், அரசவை இருக்கும் நகரம் என்ற தகுதியையும் கிராட்ஸ் இழந்தது.

இவ்வளவையும் நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம், 1642இல் ஆயுதசாலையைக் கட்டத் தொடங்கிய சபை எப்படிப்பட்ட நிலையில் இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும் என்பதுதான். மதப் பேரத்தில் அது தோற்றிருந்தது. அதன் பழைய குடும்பங்களில் பல நாடு கடந்திருந்தன. அரசவையும் நகரத்தில் இல்லை. வரியும் ஆயுதமும் எல்லைக் காவலும்தான் அதன் கையில் எஞ்சியிருந்த அதிகாரம். அதுவரை பல இடங்களில் சிதறிக் கிடந்த படைக்கலங்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர முடிவு செய்த சபை, தான் கூடும் மாளிகைக்கு அடுத்த மனையையே அதற்குத் தேர்ந்தெடுத்தது. அந்த மாளிகை, கோட்டைக் கலைஞரான டொமெனிக்கோ டெல் அல்லியோ 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பாணியில் எழுப்பிய அழகிய முற்றம் கொண்டது. ஆயுதசாலையைக் கட்டியவரான அந்தோனியோ சோலார் 1645இல் பணியை முடித்தார்.

உள்ளே நுழைபவரை முதலில் தாக்குவது அடர்த்தி. பளிங்குத் தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றை வாள் படுத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது புதிது. நீண்ட கூடங்களின் மரத்தூண்களிலும் உத்தரங்களிலும் அலமாரிகளிலும், நெற்களஞ்சியத்தில் மூட்டை அடுக்குவதுபோல், ஆயுதங்கள் வகைவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கனமான பீரங்கிகள் கீழே, துப்பாக்கிகள் அதற்கு மேல், கவசங்கள் இடைத்தளங்களில், வாள்களும் ஈட்டிகளும் கோடாரி பொருத்திய நெடுங்காம்புகளும் உச்சித் தளத்தில். பளுவைத் தாங்கும் மரத்தளங்களின் நோக்கில் இதுவே சரியான வரிசை. உட்புறத்தில் மரம் தாராளமாகப் பயன்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. கல் சுவரில் நேரடியாகச் சாத்திய இரும்பு ஈரத்தால் துருப்பிடிக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சி, அதன் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும்.

மன்னர் குடும்பத்தாரும் பிரபுக்களும் அணிந்த பொறிவேலைப்பாடு மிக்க கவசங்களும், இன்ஸ்ப்ரூக் நகரத்துக் கவசக் கொல்லர் கொன்ராட் ஸொய்சென்ஹோபர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த குதிரைக் கவசமும் அங்கே உண்டு. படம் பிடிப்பவர்கள் அவற்றின் முன்தான் நிற்கிறார்கள். இந்தச் சேமிப்பின் தனிச்சிறப்பு அவற்றில் இல்லை. அத்தகைய கவசங்களை வியன்னாவிலும் மாட்ரிட்டிலும் இன்னும் சிறப்பாகக் காணலாம். சாதாரணக் காலாட்படையினன் அணிந்த மார்புக்கவசமும் அவன் தலைச்சீராவும் வெடிமருந்துக் குடுவையும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் எஞ்சியிருப்பதுதான் வேறெங்கும் காணக் கிடைக்காதது. விலையுயர்ந்த கவசத்தை வாரிசுகள் பாதுகாத்தார்கள், சேகரிப்பாளர்கள் வாங்கினார்கள். எளியவனின் கவசமோ ஐரோப்பா முழுவதும் பழைய இரும்பாக உருக்கப்பட்டு மறைந்தது.

அவற்றைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் காலத்துப் பொருளாதாரமே தெரியும். பல கவசங்கள் மெருகேற்றப்படாமல் கருமையாகவே விடப்பட்டிருக்கின்றன. மெருகேற்றும் கூலி மிச்சம், துருவும் எளிதில் பிடிக்காது. 17ஆம் நூற்றாண்டில் மார்புக்கவசத்தை விற்பதற்கு முன் அதன்மீது துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் குண்டு பதிந்த குழி, கவசம் தாங்கும் என்பதற்கு வாங்குபவருக்குக் கொல்லர் காட்டும் சான்று. துப்பாக்கிகளிலும் காலத்தின் படிகள் தெரிகின்றன: எரியும் திரியால் மருந்தைப் பற்றவைப்பவை, சாவி கொடுத்து முடுக்கிய சக்கரம் சுழன்று பொறி எழுப்புபவை, சிக்கிமுக்கிக் கல்லால் சுடுபவை. நூரெம்பெர்க், ஔக்ஸ்பர்க் போன்ற தென்ஜெர்மானிய நகரங்களிலிருந்து வாங்கியவற்றோடு, ஸ்டீரியாவிலேயே செய்தவையும் ஏராளம். மாகாணத்தின் வடபகுதியில் உள்ள எர்ட்ஸ்பெர்க் என்னும் இரும்பு மலையில் இன்றும் தாது வெட்டப்படுகிறது. இரும்பு வளம் காலடியில் இருந்ததால்தான் இவ்வளவு பெரிய சேமிப்பைச் சபையால் தாங்க முடிந்தது.

இந்த இடம் இயங்கிய முறையும் ஒரு சேமிப்புக் கிடங்குக்கு உரியதே. எல்லைக் கோட்டைகளுக்கும் சபை திரட்டிய கூலிப்படையினருக்கும் இங்கிருந்து ஆயுதங்கள் சென்றன. பெரிய ஆபத்து வந்தால் ஊர்தோறும் முப்பது பேருக்கு ஒருவர், நிலைமை மோசமானால் பத்துப் பேருக்கு ஒருவர், இன்னும் மோசமானால் ஐந்து பேருக்கு ஒருவர் என ஆட்களைத் திரட்டும் முறை இருந்தது. அப்படி வந்த உழவனிடம் சொந்த ஆயுதம் இராது. கொடுத்து, போர் முடிந்ததும் திரும்ப வாங்கிப் பழுது பார்த்து மறுபடியும் அடுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆயுதசாலைக் காப்பாளரின் கையில் வாளைவிட முக்கியமாக இருந்தது கணக்கேடு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எல்லையில் நின்று போரிட்டவர்களில் பெரும்பாலோர் ஸ்டீரியர்கள் அல்லர். குரோஷியர்களும், உதுமானியப் பகுதிகளிலிருந்து தப்பி வந்து, எல்லையில் நிலம் பெற்று, அதற்கு ஈடாகப் படைப்பணி செய்த செர்பியர் முதலிய மக்களும்தான் அந்தச் சுமையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கினார்கள். கிராட்ஸ் பணமும் இரும்பும் தந்தது. கூடங்களில் தொங்கும் கவசங்களைக் காணும்போது நகரத்தாரின் வீரத்தை மட்டுமே நினைப்பது பாதி வரலாறு.

1664இல் மாகாண எல்லைக்கு வெகு அருகில், ராப் ஆற்றங்கரையில் மொகெர்ஸ்டார்ப் என்னுமிடத்தில், ஹப்ஸ்பர்க் தளபதி மொண்டெகூக்கோலி தலைமையிலான படை உதுமானியரைத் தோற்கடித்தது. 1683இல் வியன்னா முற்றுகை முறிந்தது. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையால் ஹங்கேரியின் பெரும்பகுதி ஹப்ஸ்பர்க் ஆட்சிக்கு வந்தபோது எல்லை வெகுதூரம் தெற்கே நகர்ந்துவிட்டது. ஆயுதசாலை மெல்ல மெல்லத் தேவையற்றதாயிற்று.

அடுத்து வந்தது ஹப்ஸ்பர்க் பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சிச் சீர்திருத்தம். படை திரட்டுவதும் அதற்கு ஆயுதமும் உணவும் தருவதும் இனி மாகாணச் சபைகளின் வேலை அல்ல. அவை பணத்தை மட்டும் செலுத்தினால் போதும், மற்றவற்றை மைய அரசே பார்த்துக்கொள்ளும் என்று முடிவாயிற்று. அதன் தொடர்ச்சியாக 1749இல், கிராட்ஸ் ஆயுதசாலையைக் கலைத்துவிட வியன்னா முன்வந்தது. பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டு, பழையனவற்றை இரும்பாக உருக்குவது என்பது ஏட்டளவில் நியாயமான திட்டமே. ஸ்டீரியா சபை இசையவில்லை. கிறித்தவத்தின் பரம்பரைப் பகைவனுக்கு எதிராக மாகாணம் நடத்திய போராட்டத்துக்கும் முன்னோரின் வீரத்துக்கும் நினைவாக இந்த ஆயுதசாலையை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று அது பேரரசியிடம் வேண்டிக்கொண்டது. மரியா தெரேசா இசைந்தார்.

அந்த வேண்டுகோளின் சொற்களில் உள்ள பகைமையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதன் காலத்தைக் கவனியுங்கள். பழைய ஆயுதக் கிடங்கு ஒன்றை, இனி யாரும் போருக்கு எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தே, நினைவுச் சின்னமாகக் காக்கும்படி ஓர் ஆட்சிமன்றம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கேட்டிருக்கிறது. பழம்பொருள் பற்று மட்டும் அதைத் தூண்டியது என்று நான் நம்பவில்லை. படை அதிகாரத்தை அப்போதுதான் பறிகொடுத்த சபை, ‘இந்த நாட்டை நாங்களும் காத்தோம்’ என்பதற்கான கண்கூடான சான்றைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பியது. நினைவின் பெயரால் அது தன் உரிமையின் எச்சத்தைக் காத்தது.

அதே நகரத்தின் குன்றின்மேல் இருந்த கோட்டைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1809இல் நெப்போலியனோடு செய்த உடன்படிக்கையின்படி கோட்டையைத் தகர்க்க நேர்ந்தபோது, நகரத்தார் மீட்புப் பணம் கொடுத்து மணிக்கூண்டையும் ஆலயமணிக் கோபுரத்தையும் மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

1811இல் ஆர்ச்டியூக் யோகான் கிராட்ஸில் நிறுவிய யோவானெயும் அருங்காட்சியகத்தோடு ஆயுதசாலை 1892இல் இணைந்தது. அதன் பிறகும் சேமிப்பு முறையை மாற்றிப் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பரப்பாமல், கிடங்கைக் கிடங்காகவே விட்டது, எனக்குத் தெரிந்தவரை, அருங்காட்சியகத் துறையில் எடுக்கப்பட்ட மிக அறிவார்ந்த முடிவுகளுள் ஒன்று. பழைய நகரப் பகுதி 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

பொருள்கள் மொத்தமாக எஞ்சியதால் ஆய்வுக்குக் கிடைத்த பயனைச் சொல்லி முடிக்கிறேன். 1980களின் இறுதியில் ஆயுதசாலையின் அறிஞர்கள் ஆஸ்திரியப் படையின் சோதனைக் களத்தில், இங்கிருந்து தேர்ந்தெடுத்த 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான துப்பாக்கிகளைத் தாங்கிகளில் பொருத்திச் சுட்டுப் பார்த்தனர். குண்டுகள் ஒலியின் வேகத்தை எளிதாகத் தாண்டிச் சென்றன; ஆனால் உருண்டை வடிவின் காரணமாக விரைவிலேயே வேகத்தை இழந்தன. உட்குழாய் வழுவழுப்பான நெடுந்துப்பாக்கிகள், அசையாமல் பொருத்தப்பட்ட நிலையிலும், 100 மீட்டர் தொலைவில் மனித அளவிலான இலக்கை ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற அளவிலேயே தாக்கின. மூலப் பொருளைச் சுட்டுப் பார்ப்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. ஒரே ஒரு துப்பாக்கி எஞ்சியிருந்தால் நானும் கூடாது என்றே சொல்வேன். ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்த கிடங்கு என்பதால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவும், அளந்து பார்த்து விடை காணவும் அவர்களால் முடிந்தது.

நன்றி, வணக்கம்.